மெழுகக்காவின் கழுத்து

பல் கட்டும் பட்டறையில் எல்லோருக்கும் வேலையே பெயராகிவிட்டது. பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்பிவைப்பார்கள். அதில் மாவுச்சாந்து ஊற்றி வார்ப்பவர் சாந்தண்ணன். வார்த்த ஈறின்மேல் மெழுகை உருக்கி வைத்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்காகக் கடிக்கின்றனவா என்று பார்க்கிறவள் மெழுகக்கா. கடைசியில் ராவித் தேய்த்துப் பளபளப்பாக்கி டப்பாவில் போடுகிறவன் பாலிஷ். அவனுக்கு அண்ணன், தம்பி என்ற ஒட்டுக்கூடக் கிடையாது, வெறும் பாலிஷ்தான்.

மெழுகக்காவுக்கு ஆள் முகம் நினைவில் நிற்காது, வாய்தான் நிற்கும். பஸ்ஸில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் போதும், மேல்வரிசை தன் கைவேலையா வேறு பட்டறையுடையதா என்று சொல்லிவிடுவாள். தன்னுடையது என்றால் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்து அவர்கள் நன்றி சொல்லவா போகிறார்கள்? பல் சரியாக உட்கார்ந்தால் பாராட்டு வைத்தியருக்குப் போகும். உட்காராவிட்டால் அந்தப் பல் செட் டப்பாவோடு பட்டறைக்குத் திரும்பி வரும். இத்தனை வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவளிடம் பேச வந்தவர்கள் அத்தனை பேரும் குறை சொல்ல வந்தவர்களே.

அவள் உட்கார்ந்த மேசை தாழ்வானது. யாரோ எழுதுவதற்கென்று செய்த மேசை. பல்லின் விளிம்பு தெரியவேண்டுமானால் மூக்கு மெழுகைத் தொடுகிற அளவுக்குக் குனிய வேண்டும். அப்படிக் குனிந்தே வருடங்கள் ஓடின. முதலில் சாயங்காலம் மட்டும் வலித்தது. பிறகு மத்தியானமே தொடங்கியது. அப்புறம் காலையில் எழும்போதே அது அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது. தைலம் தேய்த்தாள், கழுத்துப் பட்டை போட்டாள், ஊசி போட்டுக்கொண்டாள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் ஆளே மொத்தமாகத் திரும்பினாள், லாரி திரும்புகிற மாதிரி.

"நாள் பூரா வாசல்ல நிக்கறவன் நான். உக்காந்து வேலை பாக்கறவளுக்கு என்ன வலி வந்து கெடக்குது" என்பார் கணவர். அவர் ஒரு துணிக்கடையில் காவலாளி.

அவள் பதில் சொல்லமாட்டாள். பதில் சொல்ல நிமிர வேண்டும்.

இப்படியிருக்கையில்தான் முதலாளி ஒரு சாய்மேசை வாங்கி வந்தார். மூடிப்போன வேறொரு பட்டறையின் சாமான்களோடு அதுவும் வந்தது. நெஞ்சு உயரம். மேல்பலகையை வேண்டிய அளவுக்குச் சாய்த்து நிறுத்திக்கொள்ளலாம். முழங்கையை வைக்க இரண்டு பக்கமும் மெத்தை. வளைந்த கையில் பெரிய பூதக்கண்ணாடியும் அதைச் சுற்றி விளக்கும். அதற்கேற்ற நாற்காலி, முதுகுக்கும் கழுத்துக்கும் சாய்மானம் வைத்தது. குனியவே வேண்டாம், பல் தானாக முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

பட்டறையில் கழுத்து போனவர்கள் இரண்டு பேர்: மெழுகக்காவும் பாலிஷும். மேசை ஒன்று.

முதலாளி நியாயஸ்தர். நியாயஸ்தர் என்று பெயர் எடுப்பதில் அவருக்குப் பிரியம் உண்டு. "ரெண்டு பேரும் முதல்ல கழுத்துக்குப் பயிற்சி எடுங்க. எங்க வீட்டம்மாவோட தங்கச்சி பொண்ணு இதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கா. பயிற்சி முடியட்டும். யாருக்குக் கழுத்து சரியாகலையோ அவங்களுக்கு மேசை. சரியானவங்களுக்கு எதுக்கு மேசை?" என்றார்.

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அதுவரைக்கும் மேசையைப் போர்வை போட்டு மூடிச் சுவர் ஓரமாக நிறுத்திவைத்தார்கள்.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண் படிப்பு முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சின்னதாக ஒரு அறை எடுத்துப் பலகையும் மாட்டியிருந்தாள். ஆள்தான் வரவில்லை. "டாக்டரம்மா" என்று மெழுகக்கா கூப்பிட்டபோது, "ஐயோ, நான் டாக்டர் இல்லம்மா. ஊசியும் போடமாட்டேன், மாத்திரையும் தரமாட்டேன். செய்ய வேண்டியது எல்லாம் நீங்கதான், சொல்றது மட்டும்தான் நான்" என்றாள்.

"பெரியப்பா பெரியம்மா பட்டறைங்கறதால வர்றா. வெளியில எவன் கூப்பிடறான் இவளை" என்று முதலாளியம்மா அடுத்த அறையிலிருந்து, காதில் விழட்டும் என்றே சொன்னாள். அந்தப் பெண் காதில் விழாதவள் போலத் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

சுருட்டிய துண்டைக் கழுத்தடியில் வைத்து, தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க வேண்டும். முகவாயை மெல்ல உள்ளே இழுத்து, ரெட்டைத் தாடை விழுகிற மாதிரி, இருக்கிற இடத்திலேயே நிறுத்த வேண்டும். பிறகு விட வேண்டும். அடுத்தது உட்கார்ந்தபடி, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளி, தலை அசையாமல் எதிர்த்து நிற்பது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்துப் பிடிப்பது. ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி இழுப்பது. கடைசியாகத் தலையை வலமும் இடமும் திருப்புவது, எவ்வளவு போகுமோ அவ்வளவு.

பாலிஷ் முதல் நாளே கழன்றுகொண்டான். "பேய் பிடிச்சவன் மாதிரி தலையாட்டச் சொல்றீங்க. இருக்கற வலி போதாதுன்னு இது வேறயா" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே வலித்தது, பயிற்சி செய்தால் இன்னும் வலித்தது, ஆகவே செய்யவில்லை. கேட்டபோதெல்லாம் "செய்யலைங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னான்.

மெழுகக்கா செய்தாள். அவளுக்கும் தொடக்கத்தில் வலி கூடியது. "கூடும்மா. அடுத்த நாளைக்குள்ள அடங்கிடுதான்னு மட்டும் பாருங்க. அடங்கிட்டா பயமில்லை" என்று அந்தப் பெண் சொன்னதை நம்பினாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்குமுன் செய்தாள். மத்தியானம் சாந்தண்ணன் குறட்டை விடுகிற நேரத்தில் செய்தாள். பல் அடுக்குகிற கை எதையும் அரைகுறையாக விடாது. கழுத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, அந்தப் பெண் அவள் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து கழுத்தின் பக்கத்துத் தசையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எவ்ளோ சுத்தமா பண்றீங்க. கழுத்து முன்பக்கம் துளிகூட விறைக்கலை. என்கூடப் படிச்சவங்களுக்கே இது வர நாளாச்சு" என்றாள்.

மெழுகக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எச்சிலை விழுங்கினால் தசை விறைத்துவிடுமோ என்று விழுங்காமல் இருந்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண் வருகிற நாளுக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். வலி குறைந்தது உண்மை. ஆனால் வலி குறைந்ததைவிட, "பேஷ்", "அப்படித்தான்", "இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன்" என்ற வார்த்தைகளுக்காகத்தான் வீட்டில் கூடுதலாகச் செய்துபார்த்தாள். இதை யாரிடமும் சொல்ல முடியாது. நரை விழுந்த காலத்தில் ஒருத்தி பாராட்டுக்காகத் தலையாட்டுகிறாள் என்றால் சிரிப்பார்கள்.

கழுத்து திரும்பியது. முதலில் பாதி வரைக்கும், பிறகு தோளுக்குக் கிட்டத்தில். ஒருநாள் பஸ்ஸில் பின் இருக்கைக்காரரின் பல்லைக்கூடப் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க" என்றாள் அந்தப் பெண். "இப்ப உங்களுக்குப் பாதி வேலைதான் தர்றாங்க. முழு வேலையோட மறுபடி அந்தக் குட்டை மேசைல குனிஞ்சீங்கன்னா, நாம கட்டினதெல்லாம் இடிஞ்சுபோகும். பயிற்சி பாதிதான். மேசை மாறணும்."

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னேன். 'எதுவா இருந்தாலும் அளந்து பாத்து முடிவு பண்ணுவோம்'ங்கறார். பெரியம்மா, 'ரெண்டு மேசை வாங்கிக் குடுக்கறதுக்கா உன்னைக் கூப்பிட்டோம்'ங்கறாங்க."

அளக்கிற நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரம் பாலிஷ் அவளிடம் வந்து, தேய்ப்பு மாவு அப்பிய கையோடு நின்றான்.

"அக்கா, மேசை எனக்கு வந்துடற மாதிரி பண்ணிடாதீங்க. எனக்கு அது வேணாம். தேய்க்கிற மோட்டரு கீழ இருக்குது, நான் மேல உக்காந்து என்ன பண்ண? பூதக்கண்ணாடில என் மூஞ்சியவா பாத்துக்கறது?"

"அப்ப வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லேன்டா."

"சொல்லிட்டேன். 'நியாயத்தை நீ மாத்தாதே'ன்னுட்டார். அதனால சொல்றேன், அளக்கறப்ப கொஞ்சத்துலயே நின்னுடுங்க. நான் எப்படியும் திருப்பத்தான் போறேன், எனக்குக் கால்வாசிகூட வராது. நீங்க அதைவிடக் கம்மியா காட்டினாத்தான் ஆகும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களால முடியாது. நீங்க நடிக்கிற ஜாதி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை நாளும் அவள் வலியை நம்பாதவர், நடிக்க வேண்டும் என்றதும் பொறுப்பேற்றுக்கொண்டார். சாப்பிட்ட தட்டை ஓரம் தள்ளிவிட்டு, மகளின் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நான்தான் அந்தப் பொண்ணு. எங்க, திரும்பு பாப்போம்."

திரும்பினாள்.

"போதும் போதும். அதுக்குள்ள எதுக்கு உன் முதுகைப் பாக்கறே? பாதியில நில்லு. நின்னுட்டு ஸ்ஸ்னு சொல்லு."

"ஸ்."

"குக்கர் மாதிரி சொல்லாத. வலிக்கற மாதிரி சொல்லு."

"வலிச்சப்பகூட நான் அப்படிச் சொன்னதில்லீங்களே."

கட்டிலில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தைத் தாழ்த்தினாள். "அது நிஜம்பா. அம்மாவுக்கு வலிக்குதுன்னு நமக்கு எப்பத் தெரிஞ்சுது? சீப்பு கீழ விழுந்தப்ப குனிஞ்சு எடுக்காம, காலாலயே தள்ளிக்கிட்டு அலமாரி வரைக்கும் போனாங்களே, அப்பதான்."

"நீ சும்மா இரு. இந்தா, உன்னைப் பாஸாகவா சொன்னேன்? ஃபெயிலாகத்தானே சொல்றேன். உலகத்துல இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா?"

"சரிங்க" என்றாள் மெழுகக்கா. பாதியில் நின்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"இப்ப பரவால்ல" என்றார் கணவர். "இப்பதான் எதுக்கெடுத்தாலும் வலிக்குதுங்கற எங்க அக்கா மாதிரி இருக்கே."

அளக்கிற நாள் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பட்டறை நடுவே கூடினார்கள். முதலாளி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முதலாளியம்மா கதவில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பெண் புதுச் சட்டை போட்டு, கையில் அளவு நாடாவோடு நின்றாள். அவள் உதடு காய்ந்திருந்ததை மெழுகக்கா கவனித்தாள்.

முதலில் பாலிஷ். முகவாய்க்கும் தோள் முனைக்கும் நடுவே நாடாவைப் பிடித்தாள் அந்தப் பெண். அவன் கொஞ்சம் திருப்பினான். "அவ்ளோதான். பயிற்சியும் பண்ணலை" என்றான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

பிறகு மெழுகக்கா உட்கார்ந்தாள். மனதுக்குள் கணவர் நாடாவோடு நின்றார். மெல்லத் திருப்பினாள். பாலிஷ் நின்ற இடத்துக்கும் முன்னாலேயே நின்றாள். "ஸ்" என்றாள். அவளே எதிர்பாராத அளவுக்கு நன்றாகவே வந்துவிட்டது.

நாடா பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"போன வாரம்கூட நல்லா திரும்பிச்சேம்மா" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

"இன்னிக்கு என்னமோ வரலை."

"அவ்ளோதானா?" என்றாள் முதலாளியம்மா கதவிலிருந்து. "இத்தனை வாரமா வேலையைப் போட்டுட்டுப் படுத்துக்கிட்டுத் தலையாட்டினது இதுக்குத்தானா? அவன் எதுவும் பண்ணாம எப்படியோ, இவ எல்லாம் பண்ணி அதைவிட மோசம். இதுக்குப் பேரு படிப்பு. அன்னிக்கே உங்கம்மாகிட்ட சொன்னேன், வேற எதையாவது படிக்க வைன்னு."

"இல்ல பெரியம்மா. அவங்க மேல தப்பில்ல." அந்தப் பெண்ணின் காது மடல் சிவந்தது. "நான்தான் சரியா சொல்லித் தரலைபோல."

"மெழுகு என்ன பண்ணினாளோ, ஏனோதானோன்னு" என்று முதலாளி கையை அசைத்தார். "சரி விடு. மேசை மெழுகுக்குன்னு முடிச்சிடுவோம்."

முடிந்துவிட்டது. மேசை கிடைத்துவிட்டது. பாலிஷ் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், எழுந்து போய்விடுங்கள் என்று. அவள் எழுந்திருந்தால் போதும்.

ஏனோதானோ. அவள் செய்த பல்லைக்கூட இதுவரை யாரும் அந்த வார்த்தையால் சொன்னதில்லை. திரும்பி வந்த டப்பாக்களில் உயரம் கூட, அகலம் கம்மி என்று ஆயிரம் குறை வந்திருக்கிறது. ஏனோதானோ என்று வந்ததில்லை. தன்னைத் தொட்டு, சுத்தமாகச் செய்கிறாய் என்று சொன்ன ஒரே பிள்ளை, நாடாவைச் சுருட்டத் தெரியாமல் சுருட்டிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மெழுகக்கா. "இன்னொரு தடவை பாத்துடலாம்."

"அக்கா" என்றான் பாலிஷ்.

அவள் தோள்களைப் பின்னால் சேர்த்தாள். முகவாயை உள்ளே இழுத்தாள். சொல்லித்தந்தபடி, அவசரமில்லாமல், தோள் அசையாமல், தலையை மட்டும் திருப்பினாள். பாலிஷ் நின்ற இடத்தைத் தாண்டியது. போன வாரத்து இடத்தையும் தாண்டியது. முகவாய் தோளுக்கு நேரே வந்து நின்றபோது, சுவர் ஓரத்தில் போர்வை மூடிய சாய்மேசை முழுதாகக் கண்ணில் பட்டது. அதைப் பார்த்துக்கொண்டே, நாடா வைக்கிற வரைக்கும் அப்படியே பிடித்திருந்தாள்.

"பாத்தீங்களா பெரியம்மா" என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்து, சிரிப்பாக வந்தது. "நான் பாத்ததுலயே இவங்கதான். இவங்களை மாதிரி ஒருத்தரும் பண்ணினதில்லை."

சாந்தண்ணன் கைதட்டினார். இரண்டு பேர் சேர்ந்து தட்டினார்கள். முதலாளியம்மாகூட, "பரவால்லையே" என்றாள். மெழுகக்காவுக்கு முகமெல்லாம் சூடேறியது. அந்தச் சூடு இறங்குவதற்குள் முதலாளி எழுந்துவிட்டார்.

"அப்ப சிக்கல் தீந்துபோச்சு. மேசை பாலிஷுக்கு. மெழுகு, நாளையிலேருந்து முழு வேலை எடுத்துக்க."

கணவர் அன்று சாப்பிட்டு முடித்ததும் கேட்டார். அவள் சொன்னாள்.

"கைதட்டினாங்களா?" என்றார்.

"தட்டினாங்க."

"அதைக் கொண்டுபோய்க் கழுத்துல தேய்ச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

பாலிஷ் சாய்மேசையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தான். மோட்டார் எட்டவில்லை. மறுபடி கீழேயே இறங்கிவிட்டான். மேசைமேல் காலி டப்பாக்களை அடுக்கினார்கள். சாய்ந்திருந்ததால் அவை சரிந்து விழுந்தன. பலகையை மட்டமாக்கி மறுபடி அடுக்கினார்கள். "சும்மாதானே கெடக்குது, நான் எடுத்துக்கட்டுமா" என்று மெழுகக்கா ஒருமுறை முதலாளியிடம் கேட்டாள். "உனக்குத்தான் சரியாயிடுச்சே. நாளைக்கே அவன் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" என்றார் நியாயஸ்தர். தன் மேசைக் காலுக்குச் செங்கல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, மேசை ஆடும், பல் கோணும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள்.

வலி திரும்பி வந்தது. மத்தியானத்தில் ஆரம்பித்து, பிறகு விடிகாலைக்கு நகர்ந்தது. பயிற்சியை அவள் விடவில்லை. காலையில் செய்தால் பத்து மணி வரைக்கும் தாங்கியது.

அந்தப் பெண் இப்போது பட்டறைக்கு வருவதில்லை. அன்று நடந்தது வைத்தியர்கள் வாயிலாகப் பரவி, அவள் அறை வாசலில் ஆட்கள் உட்காருகிறார்கள் என்று கேள்வி. மெழுகக்கா ஒருநாள் வேலை முடிந்து போய்ப் பார்த்தாள். பெஞ்சு நிறையக் கூட்டம். இவளைக் கண்டதும் அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்கதான் நான் சொன்னேன்ல, அவங்க" என்று எல்லோருக்கும் காட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இவளை அண்ணாந்து பார்த்தார்கள். எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்டதற்கு, இருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இதன் பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் வேலை தொடங்குமுன் பட்டறையில் எல்லோரும் கழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும். மெழுகக்கா முன்னால் நின்று செய்துகாட்ட வேண்டும். காசு செலவில்லாத யோசனை. வேலை கொடுக்கிற பல் வைத்தியர்கள் வந்தால், அந்த நேரத்துக்கே வரச்சொல்லி அழைத்துவந்து காட்டினார்.

அன்றைக்கும் இரண்டு வைத்தியர்கள் வந்திருந்தார்கள். மெழுகக்கா முகவாயை உள்ளே இழுத்துத் தலையை வலப்பக்கம் திருப்பினாள். காதுக்குப் பின்னாலிருந்து தோள் வரைக்கும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இழுத்த மாதிரி வலி ஓடியது. தோள் அசையவில்லை. எதிரே வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துத் திருப்பினார்கள்.

"இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்று வைத்தியர்களில் ஒருவர், நல்ல மனிதர், அவளிடமே கேட்டார்.

"சுத்தமா போயிடுச்சுங்க" என்றார் முதலாளி. "பாருங்க, எப்படித் திருப்புதுன்னு. யாராலயும் முடியாது."

வைத்தியர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தது இடது பக்கம் என்பதால் அவள் இடது பக்கம் திரும்பினாள்.